செல் தீர்ந்த பிறகும் ஓடும் ரயில்

திருவனந்தபுரத்தில் பழவங்காடிக் கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வெளியே வந்தபோது, கிழக்கேகோட்டை நடைபாதையில் ஒருவர் பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் ஒரு வட்டத் தண்டவாளத்தை வைத்திருந்தார். சிவப்பு எஞ்சின் ஒன்று மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு அதில் சுற்றிச் சுற்றி வந்தது. விளக்கு மின்னியது, ஊதல் ஒலித்தது. மகள்வயிற்றுப் பேரனுக்கு மூன்றரை வயது. கையிலிருந்த தேங்காய்த் துண்டைக் கடிக்க மறந்து நின்றுவிட்டான். நாலு சுற்று பார்த்தான். ஐந்தாவது சுற்றில் என் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கேட்டான்: "இது எங்க போகுது தாத்தா?"

அன்றைக்கு நாங்கள் வாங்கவில்லை. அவன் கேள்வி மட்டும் கூடவே வந்தது. அடுத்த சில வாரங்கள் சாலைக் கம்போளம் என்னும் கடைத்தெருவிலும் பவர்ஹவுஸ் ரோட்டிலும் உள்ள கடைகளில் ரயில் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது. செல் போட்டு ஓடும் ரயிலை ஒரு சின்னக் குழந்தைக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், பெரும்பாலும் விலையிலும் நிறத்திலும் பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் சில உயிர் சம்பந்தப்பட்டவை.

இந்த ஊர்க் குழந்தைகளுக்கு ரயில் தூரத்து அதிசயமல்ல. பழவங்காடியிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் தம்பானூர் ரயில் நிலையம். கொல்லத்திலிருந்து வந்த மீட்டர் பாதை 1918இல் சாக்கை வரை வந்து நின்றது. நகரத்துக்குள் தம்பானூருக்கு வர 1931 ஆகிவிட்டது. அந்த நிலையத்தின் கருங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1976இல் பாதை அகலமானது. 1979இல் நாகர்கோவில், கன்னியாகுமரி வரை தண்டவாளம் நீண்ட பிறகு, இங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊருக்குப் போவதென்றால் ரயிலில் போவது என்று ஆயிற்று. என் பேரன் பேசத் தொடங்கிய காலத்திலேயே பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று வரிசையாகச் சொல்வான். நாகர்கோவிலில் அவனுடைய ஆச்சி இருக்கிறாள். அவன் அறிந்த ரயில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவது. வட்டத்தில் சுற்றும் ரயிலைப் பார்த்து அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

கடையில் வைத்த ரயிலைப் பார்த்து ஆசைப்படுவது பழைய கதைதான். ஜோஷுவா லயனல் கோவன் என்பவர் 1901 வாக்கில் நியூயார்க்கில் ஒரு கடையின் கண்ணாடிச் சன்னலுக்காக மின்கலத்தில் ஓடும் சிறு வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். கடைச் சரக்கின்மேல் வழிப்போக்கர்களின் கண்ணைத் திருப்புவதே அதன் வேலை. வந்தவர்களோ சரக்கை விட்டுவிட்டு வண்டியையே விலைக்குக் கேட்டார்கள். லயனல் என்ற பெரிய பொம்மை ரயில் நிறுவனம் அப்படி வளர்ந்தது. நடைபாதையில் ஓடும் வட்ட ரயிலுக்கும் சன்னல் பொருளின் குணமே இருக்கிறது. நின்று பார்ப்பதற்குச் செய்யப்பட்டது அது. வீட்டுக்கு வந்த பிறகும் குழந்தையால் அதை நின்று பார்க்க மட்டுமே முடியும்.

ஜப்பானில் வேறு மாதிரி யோசித்தார்கள். டோமி நிறுவனம் 1959இல் கையால் தள்ளும் பிளாஸ்டிக் ரயிலைக் கொண்டுவந்தது. 1961இல் அதற்கு மோட்டாரும் செல்லும் வைத்தது. பிளாரெயில் என்று இன்றும் விற்கும் பொம்மை இதுதான். அதன் நீலத் தண்டவாளத்தில் எட்டு வளைவுகளைச் சேர்த்தால் ஒரு வட்டம் வரும். அந்த வட்டத்தின் அளவை, ஜப்பானிய வீடுகளில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் தாழ்ந்த மேசையின்மேல் அடங்கும்படி வைத்தார்கள். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த இணைப்பை அவர்கள் மாற்றவில்லை. பாட்டனின் தண்டவாளத்தில் பேரனின் எஞ்சின் ஓடும். ஸ்வீடனின் பிரியோ மர ரயில் 1950களின் பிற்பகுதியில் வந்தது. அதன் தண்டவாள அளவைப் பிற நிறுவனங்களும் பின்பற்றியதால், ஒரு கடையில் வாங்கிய மரத்துண்டு இன்னொரு கடையில் வாங்கியதோடு சேர்கிறது. லெகோ 1966இல் செல்லில் ஓடும் ரயிலைத் தொடங்கியது. இந்த மூன்றிலும் ரயிலைவிடத் தண்டவாளத்துக்கே அதிகம் யோசித்திருக்கிறார்கள்.

நம் கடைகளில் இன்று கிடைப்பதை நான்கு வகையாகச் சொல்லலாம். முதலாவது நடைபாதை ரகம்: மெல்லிய வட்டத் தண்டவாளம், ஒரே திசையில் ஓடும் எஞ்சின். இரண்டாவது, பெரிய அட்டைப் பெட்டியில் வரும் பழைய நீராவி எஞ்சின் செட். விளக்கு, ஊதல், சிலவற்றில் புகைகூட வரும். 2023 ஏப்ரலில் தம்பானூரிலிருந்து காசர்கோட்டுக்கு வந்தே பாரத் ஓடத் தொடங்கிய பிறகு, அந்த வெள்ளை மூக்கு எஞ்சினும் இந்த ரகத்தில் நிறைய வந்துவிட்டது. மூன்றாவது, மரத் தண்டவாளமும் செல் எஞ்சினும். இதைப் பெரிய கடைகளில்தான் காண முடியும், விலையும் கூடுதல். நான்காவது, தண்டவாளத்தின் வழியாகவே மின்சாரம் பாயும் மாதிரி ரயில். பதினாறரை மில்லிமீட்டர் இடைவெளியில், நிஜத்தில் 87இல் ஒரு பங்காகச் செய்யப்பட்டது. இது பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் உரியது. சின்னக் குழந்தை கையில் ஒரு நாள் தாங்காது.

பெட்டியின்மேல் 'முப்பது துண்டுகள்' என்று போட்டிருந்தால் அதை எண்ணிப் பாருங்கள். மரம், விளக்குக்கம்பம், கைகாட்டி, ஒட்டும் தாள் எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும். தண்டவாளத்தை மட்டும் எண்ண வேண்டும். வளைவு பன்னிரண்டும் நேர்த்துண்டு நாலும் இருந்தால் ஒரு நீள்வட்டம் போடலாம், வேறொன்றும் முடியாது. வளைவுகளை இரண்டு பக்கமும் திருப்பிப் போட முடிகிறதா, பாதை பிரியும் துண்டு ஒன்றாவது இருக்கிறதா, அதே தண்டவாளம் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். சாலைக் கம்போளத்தில் ஒரு கடைக்காரர், "தண்டவாளம் தனியா யாரும் கேட்டதில்ல சார், செட்டாத்தான் போகும்" என்றார். நாம் கேட்காததால்தான் அவர் வைக்கவில்லை.

அந்தச் சாலைத் தெருவில் கடை வைத்திருந்துகொண்டே கதை எழுதியவர் ஆ. மாதவன். ஒரு கடைத்தெருவில் எத்தனை வகை ஆட்கள் என்று அவர் எழுத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். அங்கே கொஞ்சம் பொறுமையாக நின்று கேட்டால் சரக்கைப் பற்றி உண்மையைச் சொல்லும் வியாபாரிகள் இன்றும் இருக்கிறார்கள். எந்த எஞ்சின் திரும்பி வருகிறது, எது திரும்பி வருவதில்லை என்பதை அவர்களைவிட அறிந்தவர் இல்லை.

பாதுகாப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதற்கான பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020இல் வந்தது. கைவினைஞர் செய்யும் பொருள்களுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் பின்னர் விலக்குக் கொடுத்தார்கள். மின்சாரம் இல்லாத பொம்மைக்கு ஐ.எஸ். 9873, செல்லிலோ மின்சாரத்திலோ இயங்குவதற்கு ஐ.எஸ். 15644. ஆகவே செல் ரயிலின் பெட்டியில் முத்திரைக்கு மேலே 15644 என்ற எண் இருக்க வேண்டும். கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யாருக்குக் கொடுத்த உரிமம், இன்னும் செல்லுபடியாகிறதா என்பது தெரியும். கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். நடைபாதையில் விற்றதில் முத்திரையே இல்லை. விற்றவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ரயிலைக் குழந்தையிடம் கொடுக்க மட்டும் மனம் வராது.

முத்திரை இருந்தாலும் கையால் பார்க்க வேண்டியவை உண்டு. எஞ்சினைக் கவிழ்த்துச் செல் போடும் மூடியைப் பாருங்கள். நகத்தால் தள்ளினால் திறக்கும் மூடி சின்னக் குழந்தைக்கு ஆகாது. திருகாணி போட்டு, அதைத் திறக்க ஸ்குரூ டிரைவர் வேண்டியிருக்க வேண்டும். திருகாணி கழன்று விழாமல் மூடியோடேயே நிற்பது இன்னும் நல்லது. உள்ளே பென்சில் செல்லா, வட்டமான பட்டன் செல்லா என்று பாருங்கள். எஞ்சினில் பென்சில் செல் இருந்தாலும், கூட வரும் ரிமோட்டிலோ ஒலி எழுப்பும் ஸ்டேஷனிலோ பட்டன் செல் ஒளிந்திருக்கலாம்.

இந்தப் பட்டன் செல்லைப் பற்றித் தெரியாத பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம். இருபது மில்லிமீட்டர் அகலமுள்ள மூன்று வோல்ட் லித்தியம் செல்லைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரமான திசுவின் வழியாக மின்சாரம் பாய்கிறது. செல்லின் எதிர்முனையைத் தொட்ட இடத்தில் கடுமையான காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். செல் கசிய வேண்டிய அவசியம்கூட இல்லை. ரிமோட்டுக்குப் போதாமல் தீர்ந்துபோன செல்லிலும் இதற்கு வேண்டிய சக்தி மிச்சமிருக்கும். அமெரிக்காவில் ரீஸ் என்ற ஒன்றரை வயதுக் குழந்தை 2020இல் இப்படி இறந்ததைத் தொடர்ந்து, 2022இல் அவள் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. ஒரு வயது தாண்டிய குழந்தையானால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம் என்று அமெரிக்க நச்சு மையம் சொல்கிறது. தேன் தேடிக்கொண்டு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. பட்டன் செல் உள்ள ரயிலை ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது காந்தம். பெட்டிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது பல ரயில்களில் காந்தத்தால்தான். அது கழன்று இரண்டு துண்டு வயிற்றுக்குள் போனால், குடலின் இரண்டு மடிப்புகளுக்கு இடையே ஒட்டிக்கொண்டு நடுவில் உள்ள சதையைத் துளைத்துவிடும். காந்தம் உலோகக் கிண்ணத்துக்குள்ளோ பிளாஸ்டிக்குக்குள்ளோ அழுந்தப் பொதிந்திருக்கிறதா என்று பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். வெறும் கொக்கி இணைப்பாயிருந்தால் இந்தக் கவலையே இல்லை. சின்னக் கைகளுக்குக் கொக்கி மாட்டுவது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் அந்தக் கஷ்டத்தில் விரல்கள் பழகும்.

பெட்டியின்மேல் பூஜ்யம் முதல் மூன்று என்று எழுதி, அழுமுகம் வரைந்து, குறுக்கே கோடு போட்ட படத்தைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். "எங்க பாப்பா ரொம்ப கெட்டிக்காரி, ரெண்டு வயசிலேயே விளையாடுவா" என்கிறார்கள். அந்தப் படம் குழந்தையின் அறிவை அளப்பதில்லை, தொண்டையை அளக்கிறது. 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருளைக்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது என்பதே சோதனைக் கூடத்தின் கணக்கு. ரயில் பெட்டியின் சக்கரம், கைகாட்டியின் தலை, குட்டி ஓட்டுநர் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மூன்று வயது வரை செல் ரயிலே வேண்டாம். கயிறு கட்டி இழுக்கும் மரவண்டி போதும். அம்பாசமுத்திரத்தில் கடைந்த மரச் சாமானும் கர்நாடகத்துச் சென்னபட்ணாவின் அரக்குப் பொம்மையும் இருக்கும் நாடு இது.

இனிச் செல். கடையில் ரயிலோடு ஓசியாகக் கொடுப்பது பெரும்பாலும் மலிவான துத்தநாகச் செல். அதில் வெளிக்கூடாக இருக்கும் துத்தநாகத் தகடே எதிர்முனை. மின்சாரம் கொடுக்கக் கொடுக்க அந்தக் கூடே கரைகிறது. அதனால்தான் தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டால் ஒழுகுகிறது. இடவப்பாதி, துலாவர்ஷம் என்னும் இரண்டு பருவமழையும் கடற்காற்றும் சேர்ந்த இந்த ஊரில், ஒரு மழைக்காலம் அலமாரியில் கிடந்த எஞ்சினின் ஸ்பிரிங் பச்சை பூத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். விளையாட்டு முடிந்து சில நாள் எடுக்கப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி வைக்க வேண்டும். பழையதையும் புதியதையும் கலந்து போடக் கூடாது. வலுவுள்ள செல் வலுவிழந்ததை எதிர்த்திசையில் தள்ளி ஒழுகவைத்துவிடும்.

மோட்டாருக்கு ஆல்கலைன் செல்லோ, திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் செல்லோதான் ஏற்றது. ஒரு கணக்குச் சொல்கிறேன். எஞ்சின் 300 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, செல்லின் கொள்ளளவு 2000 என்று வைத்துக்கொண்டால், ஆறேழு மணி நேரம் ஓடும். தினம் ஒரு மணி நேரம் விளையாடும் பிள்ளைக்கு அது ஒரு வாரம். வாராவாரம் செல் வாங்கிக் கட்டுப்படியாகாது. நிக்கல் செல் நாலும் சார்ஜரும் வாங்கிவிட்டால் பல நூறு முறை பயன்படும். அது 1.2 வோல்ட்தான் என்பதால் எஞ்சின் கொஞ்சம் மெதுவாகப் போகும். சின்னக் குழந்தைக்கு அந்த வேகமே சரி. எஞ்சினுக்குள்ளேயே லித்தியம் பொதிந்து, கம்பியில் சார்ஜ் செய்யும் வகையும் வந்திருக்கிறது. அதைக் கட்டில்மேல் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், பெரியவர் கண்ணெதிரே போடுங்கள். தீர்ந்த செல்லைக் குப்பையில் போடாமல் சேர்த்து வைத்துக் கொடுக்க வேண்டும். திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்து 2022இல் மத்திய அரசு விதி செய்திருக்கிறது.

விளக்கும் ஊதலும் பாட்டும் புகையும் செல்லைத் தின்பவை. அதைவிட எனக்குக் கவலை தருவது அவை பேச்சைத் தின்பதுதான். வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் அன்னா சோசா 2016இல் வெளியிட்ட ஆய்வில், பத்து முதல் பதினாறு மாதக் குழந்தைகள் 26 பேர் பெற்றோருடன் வீட்டில் விளையாடியதைப் பதிவுசெய்தார். ஒளியும் ஒலியும் தரும் மின்பொம்மை இருந்தபோது பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்தன, குழந்தை எழுப்பிய ஒலியும் குறைந்தது. படப்புத்தகமோ சாதாரணப் பொம்மையோ இருந்தபோது பேச்சு பெருகியது. அவர்கள் நம் ரயில் பிள்ளைகளைவிடச் சின்னக் குழந்தைகள். ஆனாலும் வீட்டில் நான் பார்ப்பது இதேதான். எஞ்சின் கூவினால் பேரன் வாயை மூடிக்கொள்கிறான். அது கூவாவிட்டால் 'கூ... குச் குச்' என்று அவனே கூவுகிறான். ஒலியை நிறுத்தத் தனிச் சுவிட்சு உள்ள எஞ்சினைத் தேடி வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒலி வரும் துளைகளின்மேல் இரண்டு அடுக்கு டேப் ஒட்டினால் பாதி அடங்கும்.

பெரிய செட்டா சின்னதா என்பதற்கும் ஒரு சான்று உண்டு. டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 சின்னக் குழந்தைகளை ஒரு முறை நாலு பொம்மைகளோடும் இன்னொரு முறை பதினாறு பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நாலே நாலு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக வகையில் விளையாடினார்கள். 2018இல் வந்த ஆய்வு இது. பண்டிகைக்குப் பெரிய பெட்டியாக வாங்கி மொத்தத்தையும் கொட்டுவதற்குப் பதில், ஒரு எஞ்சின், இரண்டு பெட்டி, பத்துப் பன்னிரண்டு தண்டவாளத் துண்டு என்று தொடங்குங்கள். ஓணத்துக்கு ஒரு பாலம், பிறந்தநாளுக்கு ஒரு பிரிபாதை என்று சேர்த்துக்கொண்டே போகலாம். அதனால்தான் தனியாகத் தண்டவாளம் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்கச் சொன்னேன்.

வீட்டுத் தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழவழப்பான டைல்ஸில் லேசான பிளாஸ்டிக் தண்டவாளம் வழுக்கிப் பிரியும். பாயின்மேல் போட்டால் மேடு பள்ளமாகி எஞ்சின் கவிழும். பழைய பருத்திப் போர்வை ஒன்றை இழுத்து விரித்தால் நன்றாக நிற்கும். சக்கர அச்சில் தலைமுடி சுற்றிக்கொண்டு மோட்டார் முனகும். அதைப் பழுது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. சின்ன இடுக்கியால் முடியை எடுத்தால் பழையபடி ஓடும். பழுதென்று எறிந்த பொம்மை எஞ்சின்களில் பாதிக்கு இந்த வைத்தியமே போதும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் பார்த்த பிறகு, கடையில் செய்ய வேண்டிய சோதனை இன்னும் ஒன்று இருக்கிறது. எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். கடைக்காரர் செல் போட்டு ஓட்டிக் காட்டுவதற்கு முன், எஞ்சினைக் கையில் வாங்கி மேசைமேல் தள்ளிப் பாருங்கள். பல எஞ்சின்களில் பற்சக்கரம் பூட்டிக்கொண்டு சக்கரம் அசையாது. பலமாகத் தள்ளினால் உள்ளே பல் உடையும். சிலவற்றில் மட்டும் செல் இல்லாமலே சக்கரம் உருளும். அந்த எஞ்சின்தான் வேண்டும். எங்கள் காலத்தில் காலித் தீப்பெட்டிகளை நூலில் கோத்து ரயில் ஓட்டினோம். முன்னால் இருப்பவன் சட்டையைப் பின்னால் இருப்பவன் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் ரயிலாகவே ஓடினோம். ரயிலை ஓட்டுவது நாமே என்ற அந்த எண்ணம் செல் எஞ்சினிலும் மிஞ்ச வேண்டுமானால், குழந்தையின் கைக்கு அது இணங்க வேண்டும்.

   

ரயிலை ஒருவழியாகச் சாலைக் கம்போளத்தில் ஒரு சின்னக் கடையில் வாங்கினோம். பச்சை எஞ்சின், கொக்கி மாட்டும் இரண்டு பெட்டி, மூடியில் திருகாணி, கையால் தள்ளினால் உருளும் சக்கரம். முதல் இரண்டு நாள் பெட்டியின் படத்தில் இருந்தபடி வட்டமாகவே போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவனாகவே வட்டத்தைப் பிரித்தான். கட்டிலுக்கு அடியில் தொடங்கி, கதவைத் தாண்டி, அடுக்களை வாசல் வரை நேராகவும் கோணலாகவும் போட்டான். துண்டுகள் போதாத இடத்தில் வெறும் தரையே தண்டவாளம். கட்டில் தம்பானூர், அடுக்களை ஆச்சி வீடு. நெய்யாற்றின்கரை தாண்டியதும் செல் தீர்ந்து எஞ்சின் நின்றது. மாற்றித் தருகிறேன் என்று ஸ்குரூ டிரைவரை எடுக்க எழுந்தேன். அதற்குள் அவன் குப்புறப் படுத்து, எஞ்சின்மேல் கையை வைத்து, மெதுவாகத் தள்ளிக்கொண்டு பாறசாலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.